இறுதி ஆட்டத்தில் இல்லாத கேப்டன்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

நம் கோவில்பட்டிப் பக்கம் ஹாக்கி மட்டை பிடிக்காத தெரு கிடையாது. என்னிடம் படித்த பிள்ளைகளில் மாவட்ட அளவில் ஆடியவர்கள் நிறையப் பேர், மாநில அளவுக்குப் போனவர்கள் சிலர். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேக்கும் போலீசுக்கும் போனவர்களைப் பற்றிக் கவலை இல்லை. மற்றவர்கள்தான் இருபத்தெட்டு, முப்பது வயதில் முழங்கால் போய், மட்டையைப் பரணில் போட்டுவிட்டு, தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டு, இனிமேல் நான் யார் என்று கேட்கிறார்கள். இப்படி இரண்டு பேர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார்கள். அவர்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது நினைவுக்கு வந்தவர் ஜெய்பால் சிங் முண்டா. பதிலை எல்லோரும் படிக்கட்டுமே என்று இங்கே போடுகிறேன்.

இந்தியா ஒலிம்பிக் ஹாக்கியில் முதல் தங்கம் வென்றது 1928இல், ஆம்ஸ்டர்டாமில். அந்த அணியில் யார் இருந்தார் என்று கேட்டால் தியான்சந்த் என்று எல்லோரும் சொல்வீர்கள். கேப்டன் யார் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். நான் பல வருஷம் கேட்டுப் பார்த்த கேள்வி இது!

ஜெய்பால் பிறந்தது 1903 ஜனவரி 3ஆம் தேதி, இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் கூன்டி பக்கத்தில் டக்ரா என்ற முண்டா பழங்குடிக் கிராமத்தில். அந்த வட்டாரத்தின் முந்தைய கதை தெரிந்தால்தான் பின்னால் வருவது விளங்கும். காடு திருத்தி வயல் ஆக்கியவர்கள் முண்டாக்கள். வெளியிலிருந்து வந்த ஜமீன்தார்களும் வட்டிக்காரர்களும் அந்த நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு, அதிலேயே அவர்களைக் கூலி ஆக்கினார்கள். அதை எதிர்த்து எழுந்த பிர்சா முண்டா 1900இல் ராஞ்சி சிறையில் இறந்தார். அவருடைய ஊரும் அதே கூன்டிப் பக்கம்தான். பிர்சா இறந்து மூன்று வருஷத்துக்குள் பிறந்த பிள்ளை ஜெய்பால். ஊரில் மாடு மேய்த்தவர்.

ராஞ்சி மிஷன் பள்ளியில் சேர்ந்த இந்தப் பையனின் அறிவையும் ஆட்டத்தையும் பார்த்த தலைமையாசிரியர், ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார், அவரைத் தம்மோடு இங்கிலாந்துக்கே அழைத்துப் போய்விட்டார். படித்து அவரும் பாதிரியார் ஆக வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஜெய்பால் ஆகவில்லை. ஆக்ஸ்போர்டில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்தார், பல்கலைக்கழக ஹாக்கி அணியில் ஆடி, அங்கே பெரிய கௌரவமாகக் கருதப்படும் 'புளூ' பட்டத்தை வாங்கினார். தடுப்பாட்டக்காரர். பிறகு ஐ.சி.எஸ். தேர்விலும் தேறி இங்கிலாந்திலேயே பயிற்சியில் இருந்தார். ஐ.சி.எஸ். என்றால் இன்றைய கலெக்டர் வேலை மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கு ஒரு இந்தியனுக்கு அதற்கு மேல் வேலை கிடையாது.

இந்த நேரத்தில்தான் ஒலிம்பிக் வந்தது. இந்திய அணிக்கு அவரையே கேப்டன் ஆக்கினார்கள். பயிற்சியில் இருப்பவர் என்பதால் லீவு கேட்டார், லீவு கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன என்று ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்விட்டார்.

ஆஸ்திரியாவுக்கு எதிராக 6 கோல். பெல்ஜியத்துக்கு 9, டென்மார்க்குக்கு 5, சுவிட்சர்லாந்துக்கு 6. மே 26ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராக 3. மொத்தம் 29 கோல், அதில் 14 தியான்சந்த் அடித்தது. நம் வலைக்குள் ஒன்றுகூட விழவில்லை. ரிச்சர்ட் ஆலன் என்ற கோல்கீப்பரை நாம் மறந்தே போனோம், பாவம்.

அந்த இறுதி ஆட்டத்தில் கேப்டன் ஜெய்பால் இல்லை. அணி நிர்வாகத்தோடு ஏற்பட்ட மனக்கசப்பில் நடுவிலேயே விலகிவிட்டார் என்பார்கள். அணியில் பாதிக்கு மேல் ஆங்கிலோ இந்தியர்கள். கேப்டன் ஒரு கறுத்த பழங்குடி இளைஞர். அதற்கு மேல் ஊகம் செய்ய நான் விரும்பவில்லை. இறுதி ஆட்டத்தில் அணியை நடத்தியவர் எரிக் பின்னிகர். இந்தியாவுக்கு முதல் தங்கம் வந்தபோது அதன் கேப்டன் மைதானத்தில் இல்லை என்பது மட்டும் உண்மை.

லண்டன் திரும்பியவரிடம், லீவு இல்லாமல் போனதற்காக இன்னும் ஒரு வருஷம் பயிற்சி செய்ய வேண்டும் என்றார்கள். அவர் ஐ.சி.எஸ்.ஸையே விட்டுவிட்டார். வயது 25. ஹாக்கியின் உச்சத்தைத் தொட்டாயிற்று, பெரிய வேலையும் போயிற்று. எனக்கு எழுதிய அந்த இரண்டு பேரும் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் இன்று நிற்கும் இடம் இதுதானே?

பத்திரிகைகளில் இப்படிப்பட்டவர்களின் கதையை எழுதும்போது மறுநாளே ஞானோதயம் வந்த மாதிரி எழுதிவிடுகிறார்கள். ஜெய்பாலுக்கு அப்படி எதுவும் வரவில்லை. பத்து வருஷம் அலைந்தார். கல்கத்தாவில் பர்மா ஷெல் எண்ணெய் கம்பெனியில் அதிகாரியாக இருந்தார். மோகன் பகான் கிளப்பில் ஹாக்கி அணி உருவாக உதவினார். காங்கிரசின் முதல் தலைவர் டபிள்யூ.சி. பானர்ஜியின் பேத்தியைக் கல்யாணம் செய்தார். பிறகு ஆப்பிரிக்காவில் தங்கக் கடற்கரை, அதாவது இன்றைய கானா, அங்கே அச்சிமோட்டா கல்லூரியில் வணிகவியல் ஆசிரியர். (நம் ஆள்!) திரும்பி வந்து ராய்ப்பூரில் சிற்றரசர்களின் பிள்ளைகள் படிக்கும் ராஜ்குமார் கல்லூரியில் பொறுப்பு. அடுத்து ராஜஸ்தானத்துப் பாலைவனத்தில் பிகானீர் சமஸ்தானத்தில் அமைச்சர் பதவி.

ஒவ்வொன்றும் நல்ல வேலை, நல்ல சம்பளம். எதிலும் அவர் தங்கவில்லை. இதை நிலையில்லாத புத்தி என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தப் பத்து வருஷத்தில் அவர் செய்தவை எல்லாமே எவருக்கோ செய்த வேலைகள். கம்பெனிக்காரன் ஒரு ஆக்ஸ்போர்டு பட்டதாரியை வைத்துக்கொண்டான், ராஜா ஒரு ஒலிம்பிக் கேப்டனை வைத்துக்கொண்டார். டக்ராவில் பிறந்த முண்டா அவர்களில் எவருக்கும் தேவைப்படவில்லை.

1938 கடைசியில் அவர் சொந்தச் சீமைக்கு வந்தார். சோட்டாநாக்பூர் பழங்குடிகள் அப்போதுதான் தங்களுடைய சின்னச் சின்னச் சங்கங்களை இணைத்து ஆதிவாசி மகாசபை என்று ஒன்றை அமைத்திருந்தார்கள். அவர்களுக்கு வெள்ளைக்காரனோடும் பாட்னா அரசியல்வாதிகளோடும் சரிக்குச் சரி உட்கார்ந்து பேசத் தெரிந்த, அதே சமயம் தங்களில் ஒருவரான ஆள் வேண்டியிருந்தது. 1939 ஜனவரியில் ராஞ்சியில் நடந்த மகாசபைக்கு ஜெய்பாலைத் தலைமை தாங்க அழைத்தார்கள். காடு மேடெல்லாம் நடந்து ஜனங்கள் வந்து குவிந்தார்கள். அவருக்கு மராங் கோம்கே என்று பெயர் வைத்தார்கள். முண்டா மொழியில் பெரிய தலைவர் என்று அர்த்தம். அப்போது வயது 36. ஆம்ஸ்டர்டாமிலிருந்து ராஞ்சிக்கு வந்து சேரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் வேறு வேலை தேடவே இல்லை.

1946இல் அரசியல் நிர்ணய சபைக்கு உறுப்பினராகப் போனார். டிசம்பர் 19ஆம் தேதி, நேரு கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானத்தின் மீது பேசினார். அந்தப் பேச்சின் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். நான் ஒரு காட்டுமனிதன், அப்படி அழைக்கப்படுவதில் எனக்குக் கூச்சம் இல்லை என்று ஆரம்பித்தார். ஆயிரக்கணக்கான வருஷமாக எங்களைச் சுரண்டியவர்கள் பின்னால் வந்தவர்களே, ஆதிவாசிகளுக்கு நீங்கள் ஜனநாயகம் கற்றுத்தர முடியாது, நீங்கள்தான் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். இந்தச் சபையில் ஆண்கள் ரொம்ப அதிகம், பழங்குடிப் பெண்கள் வேண்டும் என்றும் கேட்டார். நேருவும் படேலும் ராஜேந்திர பிரசாத்தும் உட்கார்ந்திருக்கும் அவையில், 1946இல்! இருந்தும் அந்தத் தீர்மானத்தை ஆதரித்தார், நேருவின் சொல்லை நம்புகிறேன் என்று சொல்லி.

இன்னும் இரண்டு விஷயம். பழங்குடிகளைக் குறிக்கும் இந்திச் சொல்லாக 'வனஜாதி' என்று போட்டபோது, அது காட்டுமிராண்டி என்று திட்டுவது மாதிரி இருக்கிறது, 'ஆதிவாசி' என்றே எழுதுங்கள் என்று வாதாடினார். மதுவிலக்கு விவாதத்தில், அரிசிக் கள் எங்கள் பூசைப் பொருள், சேற்றில் நின்று நாற்று நடுபவனுக்கு அது தேவை என்று எதிர்த்துப் பேசினார். மதுவால் அழிந்த குடும்பங்களைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் அவர் சொல்லியிருக்காவிட்டால் அந்தச் சபையில் வேறு யார் சொல்லியிருப்பார்?

பாதை பூவாக இல்லை. 1948 ஜனவரி 1ஆம் தேதி கர்ஸாவானில், தங்கள் பகுதியை ஒரிசாவோடு சேர்க்கக் கூடாது என்று ஆயிரக்கணக்கான பழங்குடிகள் சந்தைத் திடலில் கூடினார்கள். ஜெய்பால் வந்து பேசுவார் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். அவர் வந்து சேரவில்லை. போலீஸ் சுட்டது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை கணக்கு ஒத்துப்போகவில்லை. ஆம்ஸ்டர்டாம் இறுதி ஆட்டத்தில் இல்லாததை அவர் மறந்திருக்கலாம். இதை எப்படி மறந்திருப்பார் என்று நான் யோசித்ததுண்டு.

ஜார்க்கண்ட் கட்சியைத் தொடங்கி 1952 தேர்தலில் பீகார் சட்டசபையில் 32 இடம் பிடித்தார், பிரதான எதிர்க்கட்சி. ஆனால் 1955இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் தனி ஜார்க்கண்ட் கோரிக்கையை நிராகரித்தது. 1962 தேர்தலில் இடங்கள் 20 ஆகக் குறைந்தன. 1963இல் கட்சியைக் காங்கிரசோடு இணைத்துவிட்டார். கூட இருந்தவர்கள் பலர் அதை மன்னிக்கவில்லை. அது பெரிய தவறு என்றுதான் எனக்கும் படுகிறது. கட்சி போயிற்று, மாநிலமும் கிடைக்கவில்லை. 1970 மார்ச் 20ஆம் தேதி டெல்லியில் காலமானார். அவர் கேட்ட ஜார்க்கண்ட் 2000 நவம்பர் 15ஆம் தேதி, பிர்சாவின் பிறந்தநாளில் உருவானது.

தியான்சந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் 1956இல் ராணுவத்திலிருந்து மேஜராக ஓய்வு பெற்றார், பாட்டியாலா தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தில் பயிற்சி கொடுத்தார், கடைசிக் காலத்தில் ஜான்சியில் பணக் கஷ்டப்பட்டு 1979இல் டெல்லி எய்ம்ஸில் இறந்தார். மட்டையைவிட்டு விலகாமல் இருந்தது அவருடைய குறை இல்லை. அவரைப் பார்த்துக்கொள்ளாதது நம் குறை. ஆகவே எல்லோரும் ஜெய்பால் மாதிரி அரசியலுக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஊர்ச் சிறுவர்களுக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தால் எனக்குச் சந்தோஷமே. எனக்கு எழுதிய தம்பிகளே, ஜெய்பாலுக்கே அந்த அழைப்பு வரப் பத்து வருஷம் ஆனது. உங்களுக்கு ஹாக்கியை விட்டு இன்னும் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

ராஞ்சியில் இன்று ஜெய்பால் சிங் பெயரில் ஹாக்கி மைதானம் இருக்கிறது. பழங்குடி மாணவர்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்ப ஜார்க்கண்ட் அரசு கொடுக்கும் உதவித்தொகைக்கும் அவர் பெயர்தான். கூன்டி மாவட்டத்தில் ஹேசல் என்ற ஊர்ப் பெண் நிக்கி பிரதான் 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஹாக்கி ஆடினார், தடுப்பாட்டக்காரராக.

தியான்சந்தின் தம்பி ரூப்சிங்கைப் பற்றி மாப்பிள்ளை ஒருவர் போன பதிவில் கேட்டிருந்தார். அது அடுத்த ஞாயிற்றுக்கிழமை.