முறுக்கும் ஒடிவும்: மென்கெஸ் நோய்க் கேசத்தைக் குறித்து ஒரு மறு ஆராய்ச்சி

மென்கெஸ் நோயால் பீடிக்கப்பட்ட சிசுவின் கேசம் முறுக்கிக்கொள்வதற்கும் ஒடிந்து உதிர்வதற்கும் காரணம் ஒன்றே என்றும், தாமிரக் குறைவினால் கெரட்டினில் டைசல்ஃபைடு பிணைப்புகள் செவ்வனே உண்டாகாமற் போவதே அக்காரணம் என்றும் நீண்ட காலமாக வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் கொள்கையை இக்கட்டுரை முழுமையாக ஏற்கவில்லை. ஒடிவைப் பொறுத்தவரையில் அக்கொள்கையோடு எனக்குப் பிணக்கில்லை. முறுக்கைப் பொறுத்தவரையிலோ, அதற்கு ஆதாரமாகக் கொண்டுவந்து நிறுத்தப்படும் பிரமாணமே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது என்பது என் அபிப்பிராயம். அந்தப் பிரமாணம் ஆட்டு ரோமம்.

1962-இல் ஜான் மென்கெஸும் அவருடைய சகாக்களும் ஒரே குடும்பத்தில் பிறந்த ஐந்து ஆண் சிசுக்களை விவரித்து எழுதியபோது, வளர்ச்சிக் குன்றல், மூளைச் சிதைவு என்னும் பெருந்துன்பங்களோடு கேசத்தின் விசித்திரத்தையும் கட்டுரையின் தலைப்பிலேயே சேர்த்தார்கள். ஆயினும் அது நோயின் அடையாளமாக நின்றதேயன்றி அதன் மூலத்துக்கு வழிகாட்டவில்லை. வழியைக் கண்டவர் மெல்போர்ன் நகரத்துக் குழந்தை மருத்துவர் டேவிட் டாங்க்ஸ். மேய்ச்சல் நிலத்தில் தாமிரம் குறைந்தால் ஆட்டுக்குட்டிகள் கால் தள்ளாடி விழுகின்றன என்பதை 1937-இல் பென்னெட்ஸும் சாப்மனும் மேற்கு ஆஸ்திரேலியாவில் காட்டியிருந்தார்கள். அத்தகைய ஆடுகளின் ரோமம் கெட்டுப்போவது அந்நாட்டுக் கம்பளி ஆராய்ச்சியாளர்களுக்குப் பழகிய செய்தி. சிசுவின் கேசத்தைக் கண்ட டாங்க்ஸுக்கு அந்த ரோமத்தின் நினைவு எழுந்தது. அவரும் அவருடைய குழுவினரும் சிசுக்களின் இரத்தத்தில் தாமிரமும் அதைத் தாங்கும் புரதமாகிய செருலோபிளாஸ்மினும் மிகத் தாழ்ந்திருப்பதைக் கண்டு, 1972-இல் உலகுக்கு அறிவித்தார்கள்.

ஒரு மருத்துவர் ஆட்டு மந்தையின் நினைவைக் கொண்டு ஒரு பரம்பரை நோயின் மூலத்தை எட்டிய இச்செயல், மருத்துவ அனுமானத்தின் சிறந்த உதாரணங்களுள் ஒன்று என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அது திரும்பத் திரும்ப எடுத்துரைக்கப்படுகையில், கேசமும் ரோமமும் எந்த அம்சத்தில் ஒத்திருந்தன என்ற கேள்வி நழுவிவிட்டது. ஆட்டு ரோமம் இயல்பாகவே நெருங்கிய அலைகளாக வளைந்து வளர்வது. தாமிரம் குறையும்போது அந்த அலைகள் ஒவ்வொன்றாக மங்கி மறைய, ரோமம் நேராகி, பளபளப்பு ஏறி, இழுத்தால் எளிதில் அறுந்துபோகிறது. உருக்கு ரோமம் என்று ஆடு வளர்ப்போர் அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். கறுப்பு ஆடாயின் நிறமும் போகும். தாமிரத்தை இடையிடையே நிறுத்தி ஊட்டினால், ஊட்டிய நாட்களில் வளர்ந்த பகுதி கறுப்பாகவும் ஊட்டாத நாட்களில் வளர்ந்த பகுதி வெளுப்பாகவும், ஒரே மயிரில் பட்டை பட்டையாகத் தெரியும். சிசுவின் கேசமோ நேர்மாறானது. இயல்பாக நேராகவேனும் மென்சுருளாகவேனும் வளர வேண்டிய அது, நுண்ணோக்கியின்கீழ் தட்டையாகி, ஒழுங்கற்ற இடைவெளிகளில் தன் அச்சைச் சுற்றி 180 பாகை திரும்பித் திரும்பிச் செல்கிறது. திரும்பும் இடந்தோறும் ஒளி பட்டு மின்னுகிறது. தாமிரக் குறைவு ஆட்டிடம் வளைவை அழிக்கிறது. சிசுவிடமோ இல்லாத முறுக்கை உண்டாக்குகிறது.

அப்படியானால் ஒற்றுமை எங்கே இருந்தது? நிறக்குறைவிலும், தொட்டால் தெரியும் முரட்டுத்தன்மையிலும், வலுவின்மையிலுமே இருந்தது. ரசாயன சாட்சியமும் இதையே உறுதிப்படுத்துகிறது: தாமிரம் குறைந்த ஆட்டின் ரோமத்தைப் போலவே சிசுவின் கேசத்திலும், ஒன்றோடொன்று பிணைந்து டைசல்ஃபைடாக மாறியிருக்க வேண்டிய சல்ஃப்ஹைட்ரில் தொகுதிகள் பிணையாமல் மிகுந்து கிடந்தன. இச்சாட்சியம் நிரூபிப்பது ஒடிவின் காரணத்தை மட்டுமே. ஆட்டில் இதே ரசாயனக் குறை ஒரு முறுக்கையும் உண்டாக்கவில்லை என்னும்போது, சிசுவின் முறுக்கை அதன் தலையில் சுமத்துவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

மயிர்க்காலுக்குள் நடைபெறும் காரியங்களின் வரிசையை நோக்கினால் இப்பிரிவினை இன்னும் தெளிவுபெறும். மயிர்த்தண்டின் வடிவம் தீர்மானிக்கப்படுவது அடியில், செல்கள் விரைந்து பெருகி மேலேறும் இடத்தில். டைசல்ஃபைடு பிணைப்புகளால் அது இறுகுவது அதற்கு மேலே. குயவன் சக்கரத்தில் வனைந்த பாண்டம் பிறகு சூளையில் வேகுமாறு போல, வடிவம் முன்னதாகவும் வன்மை பின்னதாகவும் அமைகின்றன. இறுக்கம் தாமதமானால், படிந்த வளைவு நிலைபெறாமல் தளர்ந்துபோவது எதிர்பார்க்கத் தக்கதே. உருக்கு ரோமத்தின் நேரான தன்மை இதனாலேயே விளங்குகிறது. ஆனால் தளர்ச்சி எவ்வாறு முறுக்கைப் பிறப்பிக்கும் என்பதற்கு, ஒரே காரணக் கொள்கையினர் இதுவரை மனம் ஏற்கத்தக்க சமாதானம் கூறியதாகத் தெரியவில்லை.

முறுக்குக்கு வேறு காரணம் இருக்கக்கூடும் என்ற என் அனுமானத்துக்கு வலிய துணையாக நிற்பது, நார்வே நாட்டு மருத்துவர் ப்யோர்ன்ஸ்டாட் 1965-இல் விவரித்த நோய். அந்நோயாளரிடம் முறுக்குக் கேசமும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்திருக்கின்றன. தாமிரக் குறைவு இல்லை. 2007-இல் அதன் மூலம் பிசிஎஸ்1எல் என்னும் மரபணுவில் கண்டுபிடிக்கப்பட்டது. அம்மரபணுவின் தொழிலோ கெரட்டினைச் சார்ந்ததன்று. மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலியில் மூன்றாம் தொகுதியைப் பொருத்தி அமைப்பது. அதே சங்கிலியில் அடுத்து நிற்கும் நான்காம் தொகுதியாகிய சைட்டோக்ரோம் ஆக்ஸிடேஸ் தாமிரமின்றி இயங்காது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். மனித உடலில் மிக விரைந்து பெருகும் செல்களுள் மயிர்க்காலின் அடிச்செல்களும் அடங்கும். அவற்றின் சுவாசம் குன்றும்போது தண்டின் ஒரு பக்கம் மறுபக்கத்தோடு ஒத்து வளராமல் முறுக்கு நேர்கிறது என்று கொள்வது, முடிவான சித்தாந்தம் அன்றாயினும், இரு நோய்களுக்கும் ஒரே வகையில் பொருந்துகிற விளக்கம். மறுபுறத்தில், 1980-இல் வேரா பிரைஸ் ட்ரைக்கோதயோடிஸ்ட்ரோஃபி என்று பெயரிட்ட நோயில் கந்தகம் நிறைந்த சிஸ்டீன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட, மயிர் குறுக்கே வெட்டினாற்போல் முறிகிறது. தட்டையாகி மடிவதும் சிற்சில இடங்களில் திரும்புவதும் உண்டெனினும், ஒழுங்கான முறுக்கு அந்நோயின் இலட்சணம் அன்று. கந்தகப் பிணைப்பின் குறைவு ஒடிவோடும், சுவாசக் குறைவு முறுக்கோடும் கூடிவருவதை இவ்விரு நோய்களும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து காட்டுகின்றன.

முறுக்கிய மயிர் முறுக்கு விழுந்த இடத்தில் ஒடியத்தானே செய்யும், ஆகவே இரண்டையும் பிரிப்பது வீண் என்று ஆட்சேபிக்கலாம். முறுக்கினாலும் ஒடிவு உண்டாகும் என்பதை நான் மறுக்கவில்லை. எல்லா ஒடிவும் முறுக்கினால் உண்டாவதில்லை என்பதே என் வாதம். மென்கெஸ் நோயில் முறுக்கே இல்லாத இடங்களிலும், இரு தூரிகைகளின் நுனிகளை எதிரெதிரே அழுத்தினாற்போல் இழைகள் பிரிந்து முடிச்சிட்ட முறிவுகள் காணப்படுகின்றன. ஆடு வேறு, மனிதன் வேறு என்ற ஆட்சேபத்துக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை: ஆட்டு ரோமத்தைச் சாட்சியாக அழைத்தவர்கள், அந்தச் சாட்சி தமக்குப் பாதகமாகப் பேசும்போது மட்டும் அதைத் தள்ளிவிட முடியாது.

இவ்விவாதம் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. 1993-இல் மூன்று குழுக்கள் ஒரே சமயத்தில் மென்கெஸ் நோயின் மூலமாகக் கண்டுபிடித்த ஏடிபி7ஏ மரபணு, குடலின் செல்களிலிருந்து தாமிரத்தை இரத்தத்தினுள் விடுவதோடு, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கோல்கி உறுப்புக்குத் தாமிரத்தைக் கொண்டுசேர்க்கும் வேலையையும் செய்கிறது. நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் தன் தாமிரத்தைப் பெறுவது இவ்வழியில்தான். மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தாமிரம் செல்லும் வழியோ வேறு. அதற்கு ஏடிபி7ஏ தேவையில்லை. எனவே காப்பர் ஹிஸ்டிடின் என்னும் தாமிர மருந்தைத் தோலடியில் செலுத்திக் குடலின் தடையைக் கடந்துவிட்டால், செல்லின் சுவாசம் மீளக்கூடும். கோல்கி வழியாகத் தாமிரம் பெறும் நொதிகளின் குறை அவ்வளவு எளிதில் தீராது.

மென்கெஸ் நோயின் கேசத்தை இன்றும் நோய் அறியும் வாசலாக மட்டும் கருதுவதில் எனக்குள்ள வருத்தம் இதனாலேயே மிகுகிறது. பிறந்த சில வாரங்கள் வரை சிசுவின் கேசம் இயல்பாகவே தோன்றலாம். அது வெளுத்துக் குட்டையாகி முறுக்கத் தொடங்கும் இரண்டு மூன்று மாதங்களில் மூளையின் சேதம் பெரும்பாலும் நடந்தேறிவிடுகிறது. 2008-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பிறந்து 22 நாட்களுக்குள் காப்பர் ஹிஸ்டிடின் தொடங்கப்பட்ட 12 சிசுக்களுள் 92 சதவீதம் பல ஆண்டுகள் கழித்தும் உயிருடன் இருந்தார்கள். நோய் காலந்தாழ்ந்து அறியப்பட்டுச் சிகிச்சையும் தாமதமாகத் தொடங்கிய முந்தைய சிசுக்களுள் அவ்வாறு எஞ்சியவர் 13 சதவீதமே. முறுக்கைக் கண்ட பிறகு நோயை அறியலாம் என்று காத்திருப்பதற்குச் சிசுவுக்கு அவகாசம் இல்லை. முன்பே அக்குடும்பத்தில் நோய் கண்டிருந்தால், தொப்புள்கொடி இரத்தத்தில் டோபமீனுக்கும் நோரெபிநெஃப்ரினுக்கும் உள்ள விகிதமும் மரபணுச் சோதனையுமே உடனே நாட வேண்டியவை.

ஆனால் சிகிச்சை பெற்று வளர்ந்துவரும் அக்குழந்தைகளின் கேசத்தில் வேறொரு பயன் இருக்கிறது. ஒரு மயிரின் அடியும் நுனியும் வெவ்வேறு மாதங்களில் வளர்ந்தவையாதலால், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வளர்ந்த பகுதிகளை ஒரே தண்டில் ஒப்பிடலாம். முறுக்கு எத்தனை இடத்தில் விழுந்திருக்கிறது என்பதையும், பிணையாத சல்ஃப்ஹைட்ரில் எவ்வளவு என்பதையும் தனித்தனியே அளந்து, டைரோசினேஸின் நிலையைக் காட்டும் நிறத்தையும் அருகில் வைத்து நோக்க வேண்டும். மூன்றும் ஒருங்கே மீண்டால் ஒரே காரணக் கொள்கை வென்றதாகும். முறுக்கு அகன்று, நிறமும் பிணைப்பும் மீளாமல் நின்றால், ஆட்டு ரோமம் சொன்ன சாட்சியத்தின் மறுபாதியையும் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.