ஆற்றங்கரையிற் கூடும் குடும்பம்

தமிழிலக்கண நூலார் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்து, ஆனி ஆடித் திங்களை முதுவேனில் என்றனர். சபரகமுவ மலைச்சாரலில் வாழ்வோர் இதனைக் கேட்டால் நகைப்பர். அவிசாவளையிலிருந்து அட்டன் செல்லும் பெருந்தெருவிலுள்ள கித்துல்கலவில் முதுவேனில் என்பது தென்மேற்குப் பருவமழை கொட்டும் காலமாகும். களனி கங்கை செந்நீராய்ப் பெருகிப் பாறைகளை மூடிக்கொண்டு ஓடும். ஆயினும் மழை ஓயும் இடைவெளி பார்த்து, ஆகஸ்ட் மாத விடுமுறை நாட்களில் அவ்வாற்றங்கரையிற் கூடாரங்கள் எழுகின்றன. கொழும்பிலே தொழில் பார்க்கும் வளர்ந்த பிள்ளைகள் பெற்றோரையும், பெரியப்பன் சிற்றப்பன் மக்களையும் கூட்டிவந்து, சோறாக்கி உண்டு, ஓரிரவு தங்கிச் செல்கின்றனர். இது மேனாட்டார் பழக்கம், நேற்று வந்தது என்று கூறுவாருமுளர். அவ்வூரின் வரலாறு அப்படிக் கூறவில்லை.

கித்துல்கலவை அடுத்த காட்டினுள்ளே பெலிலென என்னும் பெருங்குகை ஒன்று உண்டு. 1978ஆம் ஆண்டு தொடங்கித் தொல்பொருளாய்வாளர் சிரான் தெரணியகலவும் பிறரும் அதனை அகழ்ந்தாராய்ந்தனர். அண்மைக் காலக் கணிப்பின்படி ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் அங்குத் தங்கியுள்ளனர். படிகக்கல்லைச் சிறு சிறு கருவிகளாகச் செதுக்கிய அவர்கள், நத்தையையும் குரங்கு அணில் முதலிய சிறு விலங்குகளையும் உண்டனர். கெக்குன மரத்தின் கொட்டையை உடைத்துத் தின்றனர். வேட்டையாடி வந்தோர், முதியோர், குழந்தைகள் யாவரும் மழைக்கொதுங்கி ஒரே நெருப்பைச் சுற்றி அமர்ந்திருப்பர் என எண்ணுவதில் தவறில்லை. உறவினர் கூடிக் காட்டிலே தங்குதல் இந்நாட்டில் எவரிடமிருந்தும் கடன் வாங்கியதன்று.

தமிழர் இப்பள்ளத்தாக்கிற் பெருந்தொகையாகக் குடியேறியது தேயிலையாலும், அதன் பின் வந்த இறப்பராலுமாகும். 1903ஆம் ஆண்டிற் குறுகிய இருப்புப்பாதை எட்டியாந்தோட்டை வரை எட்டிற்று. அக்காலத்தில் ஆட்களைத் திரட்டி வந்தவர் கங்காணிமார். ஒரு கங்காணியின் கீழ் வந்தோர் பெரும்பாலும் அவருக்கு உறவினர் அல்லது ஊரவர். எனவே தோட்டத்து லயம் தொடக்கத்திலேயே ஒரு சுற்றத்தின் கூட்டமாக இருந்தது.

ஆனால் அச்சுற்றம் கூடியிருக்க இடம் எங்கே? ஒரு குடும்பத்திற்கு ஒரு காம்பிரா. 10 அடிக்கு 12 அடி என்பதே அதன் பொதுவான அளவு; முன்னால் ஓர் இஸ்தோப்பு. பிள்ளைகள் சிறியராய் இருக்கும்வரை அது போதும். மூத்த மகனுக்கு மணமாகி மருமகள் வந்துவிட்டால், ஒரு சேலையே சுவராகும். மணமாகாத இளைஞர் இஸ்தோப்பிலோ கோயில் முன்றிலிலோ படுப்பர். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மாமனும் அத்தையும் திருவிழாவுக்கோ சடங்குக்கோ வந்துவிட்டால், வீட்டுக்குள் விருந்து என்ற பேச்சுக்கே இடமில்லை. முற்றத்திலோ, மரத்தடியிலோ, ஆற்றோரத்திலோ மூன்று கல்லைக் கூட்டி உலையேற்ற வேண்டியதுதான். நகரத்தார் இன்று இன்பம் கருதிச் செய்வதனைத் தோட்டத்தார் இடமின்மையாற் செய்தனர். அதிலும் ஓர் இன்பம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. மழைக்காலையில் இறப்பர் மரத்தில் பால்வெட்ட இயலாது, வேலையில்லை, கூலியுமில்லை. எனவே மழை ஓய்ந்து கையிற் காசு புழங்கும் நாட்களைப் பார்த்தே உறவினரை அழைத்தனர்.

கித்துல்கலவின் பெயரை உலகறியச் செய்தது 1957ஆம் ஆண்டு வெளிவந்த குவாய் நதிப் பாலம் என்னும் திரைப்படம். டேவிட் லீன் அதனை இவ்வாற்றங்கரையில் எடுத்தார். அது போர்க்கைதிகளான பிரித்தானியப் படைவீரரின் கதை. ஆனால் சப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் மெய்யாகவே அமைத்த சயாம்–பர்மா இரயில் பாதையில், மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். தந்தையரையும் வளர்ந்த மைந்தரையும் இழந்த அக்குடும்பங்களைப் படத்திற் காண முடியாது. அதே இறப்பர்த் தொழிலைச் செய்த தமிழர் வாழும் பள்ளத்தாக்கிலே அப்படம் எடுக்கப்பட்டது என்பதும் பலர் நினைவிற் கொள்ளாத செய்தி.

இலங்கைத் தோட்டக் குடும்பங்களைப் பிரித்தது போரன்று, தாளும் மையும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டன. எண்கள் நேர்த்தியாகவே வகுபட்டன. குடும்பங்கள் அவ்வாறு வகுபடுவனவல்ல. சிறுபிள்ளைகள் பெற்றோருடன் சேர்க்கப்பட்டனர். உரிய வயதை எட்டிய பிள்ளைகளோ தனியே விண்ணப்பிக்க வேண்டியவராயினர். தந்தை இந்தியக் கடவுச்சீட்டுடனும் மூத்த மகன் இலங்கைப் பிரசையாகவும் நின்ற வீடுகள் பல. அண்ணன் தங்கினான், தம்பி போனான். ஒரே காம்பிராவில் நெருக்குண்டு வாழ்ந்தவர்கள் இரு நாட்டவராயினர்.

தலைமன்னாரிற் கப்பலேறியவர்கள் அக்கரையில் மண்டபம் முகாமில் இறங்கினர். முன்னாளில் இலங்கைக்கு வந்த தொழிலாளர் நோய்ச் சோதனைக்காகத் தடுத்துவைக்கப்பட்டதும் அதே முகாமிலேதான். பாட்டன் வரும்போது தங்கிய இடத்திலே பேரன் போகும்போது தங்கினான். முகாம் என்ற சொல்லை இன்றைய இளைஞர் களிப்போடு சொல்லும்போது முதியோர் சிலர் வாய்மூடி இருப்பதற்குக் காரணம் வேறு தேட வேண்டியதில்லை.

அவ்வாறு சென்றோர் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். நீலகிரித் தேயிலை சிலருக்கு வாழ்வளித்தது. பால்வெட்டத் தெரிந்த சிலர் கேரளத்துப் புனலூரிலும் கன்னட நாட்டுச் சுள்ளியாவிலும் மீண்டும் இறப்பர் மரத்தடியிலேயே நின்றனர். 1984ஆம் ஆண்டில் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் நின்றது. நல்லதற்கும் கெட்டதற்கும் வந்துபோகும் வழி அத்துடன் அடைபட்டது. இலங்கையில் எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003ஆம் ஆண்டில். அதற்குள் அன்று பிரிந்த பிள்ளைகள் தாமே பாட்டன் பாட்டியராகிவிட்டனர்.

இன்று கித்துல்கல ஆற்றங்கரையிற் கூடும் தோட்டத்துக் குடும்பங்களில், கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகனும், ஆடைத் தொழிற்சாலையிலிருந்து விடுப்பில் வந்த மகளும் இருக்கிறார்கள். சோறு இறக்கியதும் யாரேனும் ஒருவர் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடிக்க, சுள்ளியாவிலிருக்கும் சிற்றப்பன் திரையிலே தோன்றுகிறார். ஆற்றிரைச்சலில் அவர் பேச்சு சரியாகக் கேட்பதில்லை. தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது, காட்டு என்கிறார். பிள்ளைகள் தொலைபேசியைக் கங்கையின் பக்கம் திருப்புகிறார்கள்.