யார் இந்த இஸா ஹயாட்டு? ஆப்பிரிக்கக் கால்பந்தை 29 வருஷம் ஆண்டவர்!

மொராக்கோ, செனகல், கானா என உலகக் கோப்பையில் ஆப்பிரிக்க அணிகளைப் பார்ப்பது இப்போது சாதாரணம். ஆனால் 1990 வரை அந்தக் கண்டம் முழுவதற்கும் இரண்டே இடம்தான். 1998-ல் அது ஐந்தானது. அப்போது ஆப்பிரிக்கக் கால்பந்து கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர் கேமரூனின் இஸா ஹயாட்டு.

1946-ல் காருவா நகரில் பிறந்தவர். கால்பந்து வீரர் இல்லை. 400, 800 மீட்டர் ஓட்டக்காரர், உடற்கல்வி ஆசிரியர். 28 வயதிலேயே கேமரூன் கால்பந்து சங்கச் செயலாளர். 1988-ல் கண்டத்துக்கே தலைவர். 8 அணிகள் ஆடிய ஆப்பிரிக்கக் கோப்பை இவர் காலத்தில் 16 அணிகளானது. உலகக் கோப்பையில் இடம் கூடியதற்கு, 1990-ல் கேமரூன் காலிறுதி வரை போனதும் ஒரு காரணம் என்பதை மறந்துவிடக்கூடாது.

2002-ல் ஃபிஃபா தலைவர் தேர்தலில் செப் பிளாட்டரையே எதிர்த்தார். 139-56 என்ற கணக்கில் படுதோல்வி. ஆப்பிரிக்க வாக்குகளே முழுசாக விழவில்லை என்றுதான் பேச்சு.

அவர் பெயரை ரொம்பவே கெடுத்தது 2010 ஜனவரி சம்பவம். அங்கோலாவின் கபிண்டாவில் டோகோ அணி வந்த பேருந்தைத் துப்பாக்கியால் சுட்டார்கள். துணைப் பயிற்சியாளரும் செய்தித் தொடர்பாளரும் பலி. டோகோ அரசு அணியைத் திரும்ப அழைத்தது. சடலங்களோடு ஊர் திரும்பிய அணிக்குக் கூட்டமைப்பு என்ன செய்தது தெரியுமா? போட்டியிலிருந்து விலகியதில் அரசுத் தலையீடு இருக்கிறது என்று சொல்லி, அடுத்த இரண்டு தொடர்களில் ஆடத் தடை, கூடவே 50,000 டாலர் அபராதம்! பிளாட்டர் சமரசம் பேசிய பிறகு, மே மாதம்தான் தடை நீங்கியது. விதி விதிதான் என்றாலும் இது கல்நெஞ்சம்.

பண விவகாரமும் விடவில்லை. ஐஎஸ்எல் நிறுவனத்திடம் 1995-ல் ஒரு லட்சம் பிராங்க் வாங்கியதற்காக 2011-ல் ஒலிம்பிக் கமிட்டி கண்டித்தது. கூட்டமைப்பின் 40-வது ஆண்டு விழாவுக்கு வாங்கியது என்பது அவர் தரப்பு விளக்கம்.

நாற்காலியை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை. செயற்குழுவில் வாக்குரிமை உள்ளவர்தான் தலைவர் பதவிக்குப் போட்டியிடலாம் என 2012-ல் விதி மாறியது. அடுத்த தேர்தலில் எதிர்த்து நிற்க ஆளே இல்லை. பிளாட்டர் இடைநீக்கம் ஆனபோது, 2015 அக்டோபர் முதல் சில மாதங்கள் ஃபிஃபாவின் தற்காலிகத் தலைவரும் இவரே.

2017 மார்ச்சில் மடகாஸ்கரின் அகமது அகமது 34-20 என இவரை வீழ்த்தினார். ஒளிபரப்பு ஒப்பந்த விவகாரத்தில் 2021-ல் ஃபிஃபா விதித்த ஓராண்டுத் தடையை விளையாட்டு நடுவர் மன்றம் மறுவருஷமே ரத்து செய்தது. 2024 ஆகஸ்ட் 8-ல் பாரிஸில் காலமானார். மறுநாள் அவருக்கு 78-வது பிறந்தநாள்.