பொதியிலின் மேற்குவழி: அணுகியோரும் வழிகாட்டியோரும்

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையை அடுத்துள்ள பழவங்காடி, அங்குள்ள பிள்ளையார் கோயிலால் பெயர்பெற்ற இடம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு மாறியபோது, நாயர் படையினர் தாம் வழிபட்ட கணபதியையும் உடன்கொண்டு வந்து இங்கு நிறுவினர் என்பது கோயில் வரலாறு. இன்று இக்கோயில் இந்தியத் தரைப்படையின் பொறுப்பில் உள்ளது. சாலைக் கடைத்தெருவை ஒட்டிய இப்பகுதியில் தமிழ் வணிகரும் தமிழ்ப் பேச்சும் நெடுங்காலமாக உண்டு. இவை பலரும் அறிந்த செய்திகள். இந்நகருக்குக் குழாய்வழி வரும் குடிநீர், தமிழ் இலக்கியம் பொதியில் எனப் போற்றும் மலைத்தொடரின் நீர் என்பதோ அத்துணைப் பரவலாக எண்ணப்படுவதில்லை. அகத்தியமலைத் தொடரின் மேற்குச் சரிவில் தோன்றும் கரமனையாறு, காட்டுப் பள்ளத்தாக்குகளினூடே இறங்கி அருவிக்கரையை அடைகிறது. அங்கிருந்து 1933 முதல் நகருக்கு நீர் கொண்டுவரப்பட்டது. அருவிக்கரை என்னும் ஊர்ப்பெயர் தமிழ் ஆய்வாளர்க்கு விளக்கம் வேண்டாதது.

பொதியிலைக் குறித்த தமிழாய்வுகள் பெரும்பாலும் மலையைக் கிழக்கிலிருந்தே நோக்கியுள்ளன. பாபநாசம், அகத்தியர் அருவி, கல்யாண தீர்த்தம், பாணதீர்த்தம் எனப் பொருநையின் நீர்வழியே ஏறிச்செல்லும் நோக்கு அது. தென்றலும் சந்தனமும் அகத்தியரும் அவ்வழியிலேயே பேசப்பட்டனர். ஆயின் மலையின் மேற்குப் பாதி இன்றைய திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ளது. அண்மைக் காலத்தில் மலையுச்சிக்கு நடந்து சென்றோர் பற்றிய பதிவுகளில் கணிசமானவை மேற்குவழியைச் சார்ந்தவை. அப்பதிவுகளைச் சங்கச் சான்றுகளுடன் இணைத்து நோக்கும்போது, இம்மலையை யார் அணுகலாம், அணுகுவோர்க்கு வழியைக் காட்டியவர் யார் என்னும் இரு வினாக்கள் முன்னிற்கின்றன.

ஆயின் மலை

புறநானூற்றின் 128ஆம் பாடலில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், முகில் தவழும் ஆயின் பொதியிலை ஆடுமகள் அணுகக்கூடும், பெருமிதமுடைய மன்னர் அணுகுதல் அரிது என்கிறார். அவரே 133ஆம் பாடலில் விறலி ஒருத்தியை நோக்கி, கூந்தலை மலைக்காற்று கோத, மயில்போல் நடந்து ஆயைக் காணச் செல்லுமாறு கூறுகிறார். இவை புகழ்ச்சிப் பாடல்கள். ஆயின் கொடையும் அவன் நாட்டின் அரணுமே புலவரின் கருத்து என்பதை மறத்தலாகாது. மலைக்குச் செல்வதற்கான விதியாக இவற்றைக் கொள்ளவும் இயலாது. எனினும், பொதியில் வழியில் முதலில் நடப்பவளாகப் புலவர் கற்பனை செய்தது ஒரு பெண்ணை என்பதும், அக்கற்பனை கேட்டோர்க்கு இயல்பாகத் தோன்றியிருத்தல் வேண்டும் என்பதும் எண்ணத்தக்கன.

ஆய்நாடு மலையின் இருபுறமும் பரவியிருந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான தாலமி, ஆயியோர் என்னும் மக்களையும் பெட்டிகோ என்னும் மலையையும் குறிப்பிடுகிறார். பெட்டிகோவைப் பொதிகையெனக் கொள்வது அறிஞர் பலர்க்கும் உடன்பாடு. பிற்கால ஆய் மன்னர் விழிஞத்தைத் தம் துறைமுகமாகக் கொண்டனர். எனவே மேற்குச் சரிவு பொதியிலின் புறக்கடையன்று. அதை ஆண்டோரின் கடற்கரை நோக்கிய முகப்பு எனல் தகும்.

7ஆம் நூற்றாண்டில் தென்னாட்டைப் பற்றி எழுதிய யுவான் சுவாங், மலய மலைக்குக் கிழக்கே பொதலகம் என்னும் மலை உண்டென்றும், அதன் வழிகள் இடர்மிக்கவை, உச்சியில் தெளிந்த ஏரியும் அதிலிருந்து சுற்றிச் சுற்றி இறங்கும் ஆறும் உள்ளன என்றும் கூறுகிறார். அவர் அங்குச் சென்றாரல்லர்; கேட்டு எழுதியது. பொதலகத்தைப் பொதியிலாக அடையாளங்கண்டு சூ ஹிக்கோசாகா 1989இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் விவாதத்திற்குரியது. வழி கடினமானது என்ற கேள்விச் செய்தி அந்நாளிலேயே சீனப் பயணி வரை சென்றிருக்கிறது என்ற அளவில் அடையாளங்காணும் முயற்சி ஆர்வமூட்டுகிறது. அதற்குமேல் அதன்மீது சுமையேற்றுதல் பொருந்தாது.

உச்சியில் ஒரு நிலையம்

மேற்குவழியின் முதன்மையான ஆவணப்பதிவு பக்தருடையதன்று, வானிலை ஆய்வாளருடையது. சுவாதித் திருநாள் காலத்தில் 1837இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்ற வானாய்வு நிலையத்தின் இயக்குநராக 1852இல் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்தினர் ஜான் ஆலன் பிரௌன், கடல்மட்டத்தை ஒட்டிய நகரிலும் மலையுச்சியிலும் ஒரே நேரத்தில் நிலக்காந்தத்தையும் வளிமண்டல மாற்றங்களையும் அளக்க விரும்பினார். நகரிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 34 கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் அகத்தியர் கொடுமுடி அதற்கு வாய்ப்பாக இருந்தது. யானைகள் உலவும் காட்டினூடே பொருள்களை ஏற்றி, 1855இல் அங்கு நிலையம் நிறுவப்பட்டது. திருவனந்தபுரத்திலும் அகத்தியமலையிலும் 1852 முதல் 1869 வரை எடுக்கப்பெற்ற காந்த அளவீடுகள் 1874இல் இலண்டனில் நூலாயின.

உலக அறிவியல் வரலாற்றில் பொதியிலுக்கு இடம் கிடைத்தது இவ்வாறுதான். நிலையத்தை அமைத்தவர் பெயர் நின்றது. 1,868 மீட்டர் உயர மலையில் மரமும் கல்லும் நுண்கருவிகளும் தோளில் சுமந்து ஏறியோர் பெயர் அவ்வாறு நிற்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்து வருவோர் காணி மக்கள். மூட்டுக்காணி என்னும் தலைவரும், நோய்தீர்க்கும் சடங்குகளைச் செய்யும் பிலாத்தியும், கொக்கரை என்னும் இரும்புக் கருவியை இசைத்துப் பாடும் சாற்றுப்பாட்டும் அவர்தம் வாழ்வின் கூறுகள். தமிழும் மலையாளமும் கலந்த அவர்கள் பேச்சு, இரு மொழித் துறைகளும் பொதுவில் பேண வேண்டிய ஒன்று.

பேச்சுவழக்கின் தடம் வழிப்பெயர்களில் இன்றும் காணலாகிறது. நகரிலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் போணக்காட்டுத் தேயிலைத் தோட்டம். அங்கிருந்து நடை. விதுராவை அடுத்த காட்டில் வாழ்வான்தோல் அருவி தனிவழியில் உள்ளது; உச்சிக்குச் செல்வோர் கரமனையாற்றையும் பிற ஓடைகளையும் கடந்து அட்டையாற்றை அடைவர். அட்டை கடிக்கும் இடத்திற்கு அட்டையாறு. வளைந்து வளைந்து ஏறும் சரிவு ஏழுமடக்குத்தேரி. செங்குத்தாக ஏறுகையில் முழங்கால் முகத்தருகே வரும் இடம் முட்டிடிச்சான்தேரி. அதன்பின் அதிருமலை முகாம், மறுநாள் பொங்காலப்பாறை, இறுதியில் கயிறு பற்றி ஏற வேண்டிய பாறை. அகத்தியர், தென்றல், சந்தனம் என்ற இலக்கியப் பெயர்களுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. நடந்த கால்கள் இட்ட பெயர்கள் இவை. இடப்பெயராய்வு ஊர்ப்பெயர்களில் காட்டிய அக்கறையைக் காட்டுவழிப் பெயர்களில் இன்னும் காட்டவில்லை என்பது வருந்தத்தக்கது.

வழிகாட்டியோரின் அறிவு

1987இல் பழங்குடித் தாவர அறிவைத் திரட்டச் சென்ற புஷ்பாங்கதன் தலைமையிலான ஆய்வுக்குழு, அகத்தியமலைக் காட்டில் களைத்துப்போயிற்று. உடன்சென்ற காணி வழிகாட்டிகளோ சிறு கனிகளைத் தின்று சோர்வின்றி நடந்தனர். அச்செடியைக் காட்ட முதலில் அவர்கள் தயங்கினர். பின்னர் தெரியவந்த ஆரோக்கியப்பச்சையிலிருந்து பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையிலும் உரிமைப்பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என முடிவாகி, அதற்கென 1997இல் ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. பழங்குடியினர் அறிவுக்குப் பங்கு வழங்கிய முன்னோடி நிகழ்வாக இது உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. இலை பறிக்கும் உரிமை பற்றி வனத்துறையோடு எழுந்த சிக்கலும், பயன் எத்தனை குடும்பங்களைச் சென்றடைந்தது என்ற கேள்வியும் அந்தப் புகழுரைகளில் சிறு எழுத்தில் வருவன. ஒரு வேறுபாடு மட்டும் தெளிவு: பிரௌன் காலத்து வழிகாட்டிகளுக்கு வாய்க்காதது இவர்களுக்கு வாய்த்தது, இவர்களின் பெயர்கள் ஆய்வுலகில் பதிவாயின.

நெய்யாறு, பேப்பாறை சரணாலயங்களும், கிழக்கே 1988இல் அமைந்த களக்காடு – முண்டந்துறைப் புலிகள் காப்பகமும், 2001இல் அறிவிக்கப்பெற்ற அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகமும் நடைவழிகளை அனுமதிச்சீட்டுக்கு உட்பட்டவையாக்கின. காட்டைக் காக்க இது தேவையே. ஆனால் உச்சிவரை செல்லப் பெண்களுக்கு இருந்த தடை காட்டைக் காப்பதோடு தொடர்புடையதன்று. 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் பெண்களும் செல்லலாம் எனத் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரி 14இல் தொடங்கிய பருவத்தில் பெண்கள் உச்சியை அடைந்தனர்.

அந்நாளில் போணக்காட்டில் காணி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அகத்தியர் திருவுருவத்தின் அருகில் பெண்கள் செல்வது தம் வழிபாட்டு மரபுக்கு மாறானது என்பது அவர்கள் கூற்று. எதிர்த்தவருள் காணிப் பெண்களும் இருந்தனர். இதனைப் பழைமைவாதம் என ஒதுக்குதல் எளிது. முடமோசியாரின் விறலியைச் சான்றுக்கழைத்து அவர்களை மறுத்தலும் எளிது. பொதியிலின் பெயரை ஏடுகளில் காத்தவர் வேறு, அதன் வழிகளைக் காலால் காத்தவர் வேறு. முன்னவரின் சான்று நம்மிடம் அச்சில் உள்ளது. பின்னவரின் சாற்றுப்பாட்டில் மலையும் முனியும் பெண்ணும் எவ்வாறு இடம்பெறுகின்றனர் என்பதை முழுமையாகத் தொகுத்து, புறநானூற்றுப் பொதியிலோடு ஒருங்கு வைத்துக் கற்கும் பணி திருவனந்தபுரத்திலுள்ள தமிழ் ஆய்வாளர்க்கு இரண்டு மணிநேரப் பேருந்துத் தொலைவில் காத்திருக்கிறது.