பற்றரியின் பாரமும் மாதிரி விமானமும்

மின்விசையாற் பறக்கும் சிறு மாதிரி விமானத்தை நிலத்தில் நின்றபடியே வானொலி அலைகளால் ஆளும் கலையை இன்று பள்ளிச் சிறுவரும் பயில்கின்றனர். அவ்விமானத்துக்கு எந்தப் பற்றரியைத் தெரிந்தெடுப்பது என்ற வினாவுக்கோ ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

மின்சாரத்தால் வானிற் செல்லும் முயற்சி, தொடக்கந்தொட்டே எடையோடு நடந்த போராட்டமாகும். 1884ஆம் ஆண்டு ஓகஸ்ற் 9ஆந் திகதி, ரெனார், கிரெப்ஸ் என்னும் பிரெஞ்சுப் படை அதிகாரிகள் 'லா பிரான்ஸ்' என்ற ஆகாயக் கப்பலை மின்மோட்டாரால் இயக்கி, ஏறக்குறைய 8 கிலோமீற்றர் சென்று, 23 நிமிடத்திற் புறப்பட்ட இடத்துக்கே மீண்டனர். அதன் பற்றரி பல நூறு கிலோகிராம் எடையுள்ளது. வாயு நிறைந்த பெரும்பை அப்பாரத்தைத் தாங்கியது. சிறகை மட்டுமே நம்பும் விமானம் தாங்குமா?

1957ஆம் ஆண்டு யூன் 30ஆந் திகதி, இங்கிலாந்திலே கேணல் டப்லின் என்பவர் 'றேடியோ குயின்' என்னும் மாதிரி விமானத்தை மின்மோட்டாராற் பறக்கவிட்டார். அதிலிருந்தது வெள்ளி-நாகப் பற்றரி. எடை குறைவு, விலையோ அதிகம், ஆயுளும் குறுகியது. பின்னர் நிக்கல்-கட்மியக் கலங்கள் பரவின. அவை மலிவானவை, உறுதியானவை, ஆயினும் பாரமானவை.

இந்நிலையை மாற்றியது இலிதியம் என்னும் மிக இலேசான உலோகம். 1970களில் விற்றிங்காம் வழிகாட்டினார். 1980இல் குடினவ் மேலும் ஆற்றல்மிக்க கலத்துக்கு அடிகோலினார். 1985இல் யப்பானியரான யொஷினோ அதனைப் பயன்பாட்டுக்கு உகந்ததாக்கினார். 1991இல் அது சந்தைக்கு வந்தது. 2019இல் இம்மூவரும் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நிக்கல்-கட்மியக் கலம் ஒன்று தருவது 1.2 வோல்ற்று; இலிதியம் பொலிமர்க் கலம் தருவதோ 3.7 வோல்ற்று. மூன்று கலங்களின் வேலையை ஒன்றே செய்கின்றது.

இனி, தெரிவுக்கு வருவோம். முதலாவது, கலங்களின் எண்ணிக்கை மோட்டாருக்கும் அதன் வேகக் கட்டுப்படுத்திக்கும் பொருந்தவேண்டும். இரண்டாவது, வேண்டிய மின்னோட்டத்தைப் பற்றரி தாங்கவேண்டும். 1000 மில்லியம்பியர்-மணிக் கொள்ளளவும் '20 சீ' என்ற குறியும் உடையது, குறியை நம்பினால், 20 அம்பியர் வரை தரும். மோட்டார் கேட்பது அதனினும் கணிசமாகக் குறைந்திருத்தல் நலம். மூன்றாவது எடை. விமானத்தின் சமநிலை கெடாத பாரமே தகுந்தது.

என் மாணவன் ஒருவன், நெடுநேரம் பறக்கலாமென எண்ணி, இருமடங்கு கொள்ளளவுள்ள பற்றரியைப் பொருத்தினான். மூக்குக் கனத்த விமானம் சற்றே எழுந்து புற்றரையிற் குத்தி வீழ்ந்தது. பற்றரியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. அதனை மீண்டும் மின்னேற்ற அவன் விரும்பினான், நான் இசையவில்லை. பல மாதச் சேமிப்பில் வாங்கியதாகையால் அவன் கண் கலங்கினான். எனினும், அக்கலங்களுள் இருப்பது எளிதிற் தீப்பற்றும் திரவம். நசுங்கியதும் வீங்கியதும் மின்னேற்றும்போது வீட்டையே எரித்துவிடக்கூடும்.

ஆகவே, இலிதியத்துக்கென அமைந்த மின்னேற்றியையே பயன்படுத்துக. கலமொன்று 4.2 வோல்ற்றுக்கு மேல் ஏறவும், 3 வோல்ற்றுக்குக் கீழ் இறங்கவும் விடாதீர். மின்னேறும்போது அருகிருந்து கவனிப்பீராக.

அம்மாணவன் பின்னர் சிறிய பற்றரியொன்றை வாங்கினான். அவன் விமானம் ஐந்து நிமிடமே பறந்தது. ஆயினும் அழகாகப் பறந்து, அவன் காலடியிலேயே வந்திறங்கியது. ரெனாரும் கிரெப்சும் விரும்பியதும் புறப்பட்ட இடத்துக்குப் பத்திரமாக மீள்வதையே அன்றோ?