நாதஸ்வர வீட்டுப் பிள்ளையும் சாக்ஸபோனும்

சாக்ஸபோன் என்றதும் நம்மில் பலருக்கு உடனே நினைவுக்கு வருவது 'டூயட்' படம்தான். 1994-ல் கே.பாலசந்தர் இயக்கி, ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த படம். திரையில் பிரபு வாசிப்பார். ஆனால் அந்தக் குழலுக்குள் உண்மையில் மூச்சு விட்டவர் வேறொருவர். அவர்தான் கத்ரி கோபால்நாத்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். திரையில் ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடுவது நமக்குப் பழகிப்போன விஷயம்தானே? உண்மைதான். ஆனால் பாடகரின் பெயர் ஊருக்கே தெரியும். வாத்தியக்காரரின் பெயர்?

இந்தி சினிமாவைப் பாருங்கள். 1950-களில் பம்பாய் ஓட்டல்களில் ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்த கோவாக்காரர்கள் பலர் பகலில் சினிமா ஸ்டூடியோக்களில் வேலை பார்த்தார்கள். 'இந்தியாவின் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்' என்று அழைக்கப்பட்ட ட்ரம்பெட் கலைஞர் சிக் சாக்லேட் அவர்களில் ஒருவர். 1951-ல் வந்த 'அல்பேலா' படத்தின் துள்ளலான பாட்டுகளில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1969-ல் வந்த 'ஆராதனா' சென்னையிலும் சக்கைப்போடு போட்ட படம். அதில் சாக்ஸபோன் வாசித்தவர் மனோகரி சிங். அந்தப் பாட்டுகளை முணுமுணுத்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும்? இசையமைப்பாளர் பெயர் போஸ்டரில் வரும். வாசித்தவர் அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அவ்வளவுதான்.

கத்ரி கோபால்நாத்தின் கதை கொஞ்சம் வேறு. அவர் 1949-ல் கர்நாடகாவின் தட்சிண கன்னட மாவட்டத்தில் பிறந்தவர். அப்பா தனியப்பா நாதஸ்வரக் கலைஞர். மகனும் அதே வாத்தியத்தில்தான் தொடங்கினார். ஒருநாள் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோன் சத்தத்தைக் கேட்டார். அதோடு மனம் மாறிவிட்டது!

ஆனால் ஆசை மட்டும் போதுமா? சாக்ஸபோன் பெல்ஜியத்துக்காரரான அடால்ஃப் சாக்ஸ் கண்டுபிடித்து, 1846-ல் காப்புரிமை வாங்கிய கருவி. ராணுவ பேண்டுகளில் பரவியது. நாதஸ்வரத்தில் விரல் நேராகத் துளையின் மேல் இருக்கும். துளையைப் பாதி மூடி, மெல்லத் திறந்து, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகலாம். சாக்ஸபோனில் துளைக்கும் விரலுக்கும் நடுவே உலோகச் சாவிகள் இருக்கின்றன. மூடினால் ஒரு ஸ்வரம், திறந்தால் அடுத்த ஸ்வரம். நம் சங்கீதத்தின் உயிரே கமகம். அதை இதில் கொண்டுவர உதடு, மூச்சு, விரல் மூன்றும் சேர்ந்து உழைக்க வேண்டும். முதலில் மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பிறகு சென்னையில் டி.வி.கோபாலகிருஷ்ணனிடமும் பாடம். கருவி முழுக்க வசப்பட ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின.

ஜாஸ்காரர்கள் அவரைச் சீக்கிரமே அடையாளம் கண்டுகொண்டார்கள். 1980-ல் பம்பாய் ஜாஸ் விழாவில் அவர் வாசிப்பைக் கேட்ட அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி, தானும் மேடையேறி அவரோடு சேர்ந்து வாசித்தார். அதற்கு முன்பே, 1960-களில், ஜான் கோல்ட்ரேன் இந்திய ராகங்களைத் தேடி ஜாஸிலிருந்து இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். கத்ரியோ ஜாஸ் கருவியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரே பாலம், எதிரெதிர் கரைகள்!

'டூயட்' ஒலிப்பதிவு பற்றி அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ராகம் ராகமாக வாசித்துப் பார்த்தும் எதுவும் சரியாக அமையவில்லையாம். கடைசியில் கல்யாண வசந்தம் வாசித்தபோதுதான் "இதுதான் வேண்டும்" என்றார்களாம். கச்சேரி மேடைக்காக 20 வருடம் தயாரான கமகம், ஒரு காதலனின் அழுகையாகத் தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. கூடவே அவருடைய பெயரும் போய்ச் சேர்ந்ததுதான் முக்கியம். வாத்தியக் கலைஞர்களின் பெயர்களைக் கேசட் உறையில் அச்சிடுவதை ரஹ்மான் வழக்கமாக்கியதும் அந்தக் காலத்தில்தான். அதே 1994-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி நடத்தும் ப்ராம்ஸ் விழாவிலும் கத்ரி வாசித்தார்.

கதை அங்கே முடியவில்லை. அமெரிக்காவில் வளர்ந்த ருத்ரேஷ் மகந்தப்பா என்ற இளம் ஜாஸ் கலைஞருக்கு அவருடைய அண்ணன் கத்ரியின் ஆல்பம் ஒன்றை விளையாட்டாகப் பரிசளித்தார். கேட்டவர் அசந்துபோனார். 2008-ல் இருவரும் சேர்ந்து 'கின்ஸ்மென்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். இரண்டு ஆல்டோ சாக்ஸபோன்கள், கன்யாகுமரியின் வயலின், பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கம், கூடவே கிடார், பாஸ், ட்ரம்ஸ். தலைப்புக்கு 'உறவினர்கள்' என்று பொருள். பொருத்தமான பெயர்தான்.

2004-ல் பத்மஸ்ரீ பெற்ற கத்ரி, 2019 அக்டோபர் 11 அன்று மங்களூரில் காலமானார். ஆனால் தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் ஏதாவது கல்யாண மண்டப வரவேற்பில் யாராவது சாக்ஸபோனில் சினிமாப் பாட்டு வாசித்தால், கொஞ்சம் நின்று கேளுங்கள். முடிந்ததும் வாசித்தவரின் பெயரையும் கேளுங்கள்.