ரதியின் புலம்பலும் மரியாளின் வியாகுலமும்

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் காமன் கூத்துக்காகக் காமன் ஊன்றுவார்கள். பௌர்ணமியில் காமன் எரியும்வரை இரவில் தப்பு முழங்கும். பெரும்பாலான ஆண்டுகளில் அதே நாட்களில்தான் பக்கத்து லயத்துக் கத்தோலிக்கக் குடும்பம் தவக்காலம் அனுசரித்து, சிலுவைப்பாதையின் 14 நிலைகளிலும் மண்டியிடும். துன்பமும் மகிழ்ச்சியும் பற்றிச் சைவமும் கிறிஸ்தவமும் சொல்வதை இவ்விரு சடங்குகளிலேயே பார்த்துவிடலாம்.

கூத்தின் கதையில், சூரபத்மனின் கொடுமை தாங்காத தேவர்கள், சிவனின் தவத்தைக் கலைக்கக் காமனாகிய மன்மதனை ஏவுகிறார்கள். போனால் சாம்பல்தான். அவன் மனைவி ரதி தடுக்கிறாள், மேலிடத்து ஏவலை மீற வழியில்லாமல் அவன் போகிறான். கோப்பிக் காலத்திலிருந்து கங்காணியின் பின்னால் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் புறப்பாடு தெரிந்த கதை. ரதி புலம்பும்போது காமன் பொட்டலில் பெண்கள் அழுவது ரதிக்காக மட்டும் என்று நான் நம்பவில்லை.

இயேசுவும் கெத்செமனியில் வரவிருக்கும் துன்பம் தம்மை விட்டு நீங்காதா என்று மன்றாடுகிறார். ஆனால் காமன் ஏவப்பட்டுப் போகிறான். இயேசு தம்மையே ஒப்புக்கொடுக்கிறார். அழுகை இங்கேயும் ஒரு பெண்ணுடையது, தாய் மரியாளுடையது. 1742இல் மறைந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் ‘வியாகுலப் பிரசங்கம்’ அந்தத் துயரைத் தமிழில் நிலைநிறுத்தியது. ஒப்பாரி அறிந்த மக்களுக்கு அது அந்நியமாகத் தோன்றியிருக்காது.

தஞ்சைப் பக்கத்து லாவணி என்னும் வாதப் பாட்டில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரு தரப்பு உண்டு. காமன் உண்மையில் எரிந்தானா என்று விடிய விடிய வாதாடுவார்கள். சைவ மரபு அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்கிறது. கிறிஸ்தவத்தில் எரியாத கட்சிக்கு இடமே இல்லை. மரணம் மெய், அடக்கம் மெய். அதன் பிறகே உயிர்ப்பு.

மகிழ்ச்சியில் இடைவெளி இன்னும் பெரிது. சிவன் காமனை எழுப்புகிறார். ஆனால் அவன் உருவம் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரியும். இழந்தவளுக்கு மட்டும் கிடைத்த ஆறுதல் அது. கல்லறையில் அழுத மகதலேனாவுக்கோ போய் மற்றவர்களிடம் சொல்லும்படி கட்டளை கிடைக்கிறது. அங்கே மகிழ்ச்சி ஊருக்குச் சொல்ல வேண்டிய சேதி.

வேறுபாடுகள் இவ்வளவு இருந்தும் ஒன்றில் இரண்டும் சேர்கின்றன. காமனும் இயேசுவும் தங்கள் குற்றத்துக்காகச் சாகவில்லை. அடுத்தவர் வாழ்வதற்காகவே சாகிறார்கள். இதை மறந்துதான் தோட்டத்தில் ஒருவர் ‘தலையெழுத்து’ என்கிறார், இன்னொருவர் ‘உன் சிலுவையை நீ சும’ என்கிறார். 1948இல் தோட்ட மக்களின் குடியுரிமை பறிபோனது சட்டத்தால். எந்த வினையாலும் அல்ல. இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கித் தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காகப் பேசியபோது, சிலுவையைச் சரியாக வாசித்தார் என்பேன். அதே தொழிலாளர்கள் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக 2021 வரை போராட வேண்டியிருந்தது.

கொழுந்து நிறை குறைந்து அரைப்பேரோடு, அதாவது அரை நாள் கூலியோடு, வீடு திரும்பும் பெண்ணிடம், பூசாரியானாலும் பாதிரியாரானாலும், தயவுசெய்து விதியைப் பற்றிப் பேசாதீர்கள். அவள் சம்பளத்தைப் பற்றிப் பேசுங்கள்.